நாற்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை

மழைக்காலம் வந்தால் இப்போதெல்லாம் படகுகளைக் கிரேன் வைத்துக் கரையேற்றி, நீலத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள். ஓட்டுபவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். படகோட்டிகளுக்கான இந்த மலரைத் தயாரிக்கும் தமிழரசனும் ஒரு படகோட்டிதான். சென்ற மாதம் செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்தவர், "சார், உங்க காலத்துல மழை மூணு மாசமும் படகுலயே குடித்தனம் பண்ணுவீங்களாமே, போர் அடிக்காதா? இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். அதை எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்கம் போதும், சிரிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றார். அப்படித்தான் தொடங்கினேன். ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. நின்ற இடத்தையும் சேர்த்து எழுதியதால் இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது. தமிழரசன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சரித்திரத்தில் பி.ஏ. படித்தவன். ஒரு டுடோரியலில் கொஞ்ச நாள் பாடம் நடத்தினேன், ஒரு அச்சகத்தில் கொஞ்ச நாள் பிழை திருத்தினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாற்பது வயதைத் தாண்டியபின், படகில் ஏறினேன். மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவே உப்பங்கழியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் ஒரு தனியார் லாஞ்ச். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. என் வேலைக்கு ரைட்டர் என்று பெயர். ஏறும் தலைகளை எண்ணுவது, பாதுகாப்புச் சாமான்களைப் பராமரிப்பது, ரிஜிஸ்டர் எழுதுவது. பயிற்சி ஆறு நாள். அதில் நான்கு நாள் வாந்தி எடுத்தேன். உப்பங்கழியில் அலையே கிடையாது என்பதை முன்னிட்டு இந்தச் சாதனையைப் பல வருடங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

படகின் பெயர் அன்னம். பார்ப்பதற்கு எருமை தண்ணீரில் படுத்திருப்பது போல இருக்கும். தட்டையான அடிப்பகுதி, மேலே ஒரு தளம், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். தை மாதம் ஓட ஆரம்பித்தால் புரட்டாசி முடிய ஓடும். ஐப்பசியில் மழை பிடித்ததும் நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, துறையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துவோம். அதற்குப் பிறகு அடுத்த தை வரை மூன்று பேர் அதிலேயே வாழ்வோம். படகைச் சும்மா விட்டால் மழையில் நிறைந்து உட்கார்ந்துவிடும். திருடர்கள் இன்ஜினைப் பாகம் பாகமாகக் கழற்றிப் போய்விடுவார்கள்.

மூன்று பேருக்கும் தனித்தனி வீடு உண்டு. படகை ஓட்டும் தலைவரான சாரங்கு லூர்துசாமிக்குச் சக்கரம் இருக்கும் மேலறை. இன்ஜின் டிரைவர் முனுசாமிக்கு இன்ஜின் பக்கத்தில் ஒரு பொந்து. எனக்குக் கீழ்த்தளத்தில் டிக்கெட் கொடுக்கும் இடம். தபால்காரர் கரையில் சைக்கிளை நிறுத்தி "அன்னம்" என்று கூப்பிடுவார். என் மனைவி கடிதத்தில் "மேற்படியார், அன்னம்" என்று விலாசம் எழுதுவாள். செங்கல்பட்டில் எங்கள் தெரு போஸ்ட்மாஸ்டர், மழைக்காலமானால் நான் அன்னம் என்கிற ஒருத்தியோடு போய்த் தங்கிவிடுவதாகவும், என் மனைவி பெருந்தன்மையோடு அங்கேயே கடிதம் போடுவதாகவும் சில காலம் நம்பியிருந்தார். என் மனைவி அதை மறுக்கவில்லை. அவளுக்குத் தெருவில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது.

காலை ஐந்தரைக்கு முதல் வேலை அடித்தண்ணீர் அளப்பது. படகின் அடிப்பலகைகளுக்கு மேலே கசிந்து தேங்கும் தண்ணீர் அது. மூங்கில் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். நான்கு விரல் நனைந்திருந்தால் கைப்பம்பை நூறு முறை அடிக்க வேண்டும். சாரங்கு எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் தொண்ணூறில் நிறுத்தினால் மேலறையிலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் வரும். பிறகு அவர் இறங்கி வந்து மூடியைத் திறந்து, குனிந்து முகர்ந்து பார்ப்பார். டீசல் நாற்றமா, சேற்று நாற்றமா, இடுக்கில் நண்டு ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று மூக்கைக் கொண்டே சொல்லிவிடுவார். 

அடுத்தது கயிறு. நாலு மூலையிலும் கரையோடு கட்டிய நாலு கயிறுகள். மேற்கே ஏரிகள் நிரம்பி வழிந்தால் கழியில் ஒரே நாளில் இரண்டடி ஏறும். ஏறினால் தளர்த்த வேண்டும், இறங்கினால் இழுத்துக் கட்ட வேண்டும். மறந்தால் படகு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு நிற்கும். முதல் வருடம் நான் பின்கயிற்றை ஷூவுக்குப் போடும் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தேன். சாரங்கு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஐயா, இந்தக் கயிறு உங்களுக்கு இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று கேட்டார்.

லூர்துசாமி சாரங்கு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோவளத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், எட்டாவது வரை படித்தவர். சாதாரணமாக என்னை "ரைட்டரே, நீ" என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறும். "ஐயா" என்று கூப்பிட்டால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. முனுசாமிக்கு ஒருமுறை "ஐயா அவர்களே" கிடைத்தது. டீசல் குழாய்ப் பக்கத்தில் பீடி பிடித்ததற்கு. அன்றோடு பீடியையே விட்டுவிட்டார்.

முனுசாமி திருக்கழுக்குன்றம் பக்கத்தவர். இன்ஜினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருபது நிமிடம் ஓடவிடுவது அவர் வேலை. "எந்திரி ராசா, நாஸ்தா துண்ணுட்டு மறுபடி தூங்கு" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றுவார். சமையல் முறை வைத்துச் செய்வோம். என் முறையில் பெரும்பாலும் உப்புமா. 

"ரைட்டரே, கொஞ்சம் மிச்சம் வை" என்றார் முனுசாமி ஒரு நாள்.

"ஏன், பசிக்குமா?"

"இல்ல, முன்பக்கம் பலகை கசிஞ்சிகினு கீது. இத்த வெச்சி அடைச்சா தை மாசம் வரிக்கும் தாங்கும்."

சாரங்கு சிரிக்காமல் ஒரு கவளம் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "தாங்கும்" என்றார்.

இப்படியே எழுதிக்கொண்டு போகலாம். தமிழரசன் கேட்டதும் இதைத்தான். ஆனால் நாங்கள் எதன் மேல் படுத்தோம் என்பதைச் சொல்லாமல் படகுக் குடித்தனத்தைச் சொன்னதாக ஆகாது.

சாரங்கு பலகை மேல் ஒரு போர்வை விரித்துப் படுப்பார். முனுசாமி கோரைப்பாய். எனக்குச் சில வருடங்களில் முதுகுவலி வந்துவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுபோன மெத்தை ஒரு வாரத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தது. டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு எதிரே லைஃப் ஜாக்கெட் அடுக்கும் மரத்தட்டு இருந்தது. மொத்தம் நாற்பத்தெட்டு. அந்தக் காலத்து ஜாக்கெட்டில் இலவம்பஞ்சுதான். பஞ்சை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் அடைத்து, மேலே ஆரஞ்சுத் துணி போட்டுத் தைத்திருப்பார்கள். உறை நன்றாக இருக்கும்வரை மிதக்கும். உறை கிழிந்து, பஞ்சும் நசுங்கிப் போனால் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஜாக்கெட்டின் மேல் உட்காரக்கூடக் கூடாது என்பது சாரங்கின் சட்டம். 

நீளவாக்கில் மூன்றாக இரண்டு வரிசை, தலைக்கு இரண்டு. ஆக எட்டு ஜாக்கெட். அவர் மேலறைக்குப் போனபின் விரிப்பேன், அவர் இறங்கி வருவதற்குள் தட்டில் அடுக்கிவிடுவேன். எப்போதும் அதே எட்டு. நாற்பத்தொன்றாம் எண்ணிலிருந்து நாற்பத்தெட்டு வரை. அவைதான் கைக்கு எட்டும் தட்டில் இருந்தன.

"ராஜா மாதிரி இலவம்பஞ்சு மெத்தைல கீற" என்பார் முனுசாமி. "சாரங்கு நைனாவுக்குத் தெரிஞ்சா உன்ன ஐயான்னு கூப்ட மாட்டாரு, மகாராசான்னு கூப்டுவாரு."

"உன் வேலையப் பாரு."

"நான் பார்த்துகினுதான் கீறேன். நாற்பத்தாறு தட்டையாப் பூட்டுது, பாத்தியா? உன் தலை அவ்ளோ கனம். பி.ஏ. ஆச்சே."

இரண்டு மழைக்காலம் அப்படித் தூங்கினேன். சுகமாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும், சீசன் திறக்கும் முன்பு, ஜாக்கெட்டுகளைச் சோதிக்க வேண்டும். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். செங்கல்பட்டில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய தண்டவாளத் துண்டுகள் பன்னிரண்டு எங்களிடம் இருந்தன. ஒவ்வொன்றும் ஏழரைக் கிலோ. ஒரு ஜாக்கெட்டில் ஒரு துண்டைக் கட்டி, நீளக் கயிற்றில் படகின் பக்கவாட்டுக் கம்பியோடு பிணைத்துத் தண்ணீரில் விடுவோம். இருபத்துநாலு மணி நேரம் மிதந்தால் தேர்ச்சி. முழுகினால் கழிவு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீதம் நான்கு நாள். மறுநாள் தூக்கியதும் ஒவ்வொன்றையும் சாரங்கு கையில் வாங்கி, எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். நான் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதியதற்கு நேராக அவர் சுருக்கொப்பம் போட வேண்டும். காலருக்கு உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு எழுதிய எண் அது.

சாரங்குக்கு வெள்ளெழுத்து விழுந்திருந்தது. தூரத்தில் நிற்கும் கொக்கின் கால் என்ன நிறம் என்று சொல்லுவார். கையில் கொடுத்த காகிதம் தெரியாது. நான்கு வருடங்களாக அப்படி. கண்ணாடி போட்டால் படகு ஓட்டும் சர்ட்டிபிகேட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தார். எனக்கு மட்டும் தெரியும். பேப்பரை என் பக்கம் தள்ளி, "படிச்சவன் நீ, படி" என்பார். ஜாக்கெட் சோதனையிலும் முறை மாறிப்போயிருந்தது. நான் எண்ணைப் படிப்பேன், அவர் துணியைத் தடவிப் பார்த்துத் தலையாட்டுவார், நான் விரல் வைத்த இடத்தில் ஒப்பம் போடுவார். கிட்டத்தில் படிப்பதற்குக் கண்ணாடி போட்டால் யாரும் எதையும் பிடுங்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவர் என்னைப் படிக்கச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

நான் சொல்ல வந்த வருடம் நாலாம் நாள் காலையில் என் எட்டு ஜாக்கெட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். அப்பளம் போல இருந்தன. நாற்பத்தாறின் காலரில் என் தலையெண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. தண்ணீரில் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. முழுகினால் ஏன் முழுகியது என்று கேட்பார். எட்டும் ஒன்றாக முழுகினால் கேட்கவே வேண்டாம். அந்த "ஐயா"வை நினைத்தேன். ஐம்பது வயதை நெருங்கியவன், அதற்குப் பயந்தேன்.

முதல் நாள் மிதந்து தேறிய எட்டை எடுத்து மறுபடியும் இரும்பைக் கட்டித் தண்ணீரில் விட்டேன். மேலிருந்து பார்த்தால் பன்னிரண்டு ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் சமர்த்தாக மிதந்துகொண்டிருந்தன. மறுநாள் அவற்றைத் தூக்கி, "நாற்பத்தொன்று... நாற்பத்திரண்டு..." என்று வாசித்தேன். அவர் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ஒப்பம் போட்டார். பொங்கல் கூட்டம் ஓயட்டும், எட்டு ஜாக்கெட் புதிதாக வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதிவிடலாம், அதுவரை அந்த எட்டையும் தட்டின் அடியில் போட்டு வைத்தால் யார் கைக்கும் போகாது என்பது என் திட்டம். படித்தவனின் திட்டம்.

காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் நிற்க இடமிருக்காது. கம்பெனி கூலிக்கு நாலு ஆட்களைக் கூடுதலாக வைத்திருந்தது. அவர்கள் தட்டை அடியோடு காலி செய்து ஜாக்கெட்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள். நான் துறையில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மேல்தளத்தில் நாற்காலிக்கு நாற்காலி ஆள், பாதிக்கு மேல் பிள்ளைகள். படகு கிளம்பிக் கழியின் நடுவே, பத்தடி ஆழம் இருக்கும் இடத்துக்கு வந்தபோது, தாம்பரத்திலிருந்து வந்த ஒரு கணக்கு வாத்தியார் கரையில் நின்ற தன் மச்சினனுக்குத் துண்டை ஆட்டிக் காட்டினார். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று நாற்காலி மேல் ஏறினார். துண்டு பறந்தது. அதைப் பிடிக்கப்போனவர் துண்டுக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜாக்கெட் போட்ட ஆள்தானே. அவரும், "என் செருப்பு, என் செருப்பு" என்று கத்தினார். சாரங்கு உடனே இன்ஜினை நிறுத்தச் சொன்னார். தண்ணீரில் ஆள் இருக்கும்போது படகைத் தள்ளும் விசிறி சுழலக் கூடாது. படகு போன வேகத்தில் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. அதற்குள் வாத்தியார் செருப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். தோள் தெரிந்தது. பிறகு கழுத்து. பிறகு வாயை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். காலரில் இருந்த எண் படகிலிருந்து தெரியாது. எனக்குத் தெரியத் தேவையில்லை. அந்தத் தட்டையான தோளை எனக்குத் தெரியும்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முனுசாமி இன்ஜின் பொந்திலிருந்து எண்ணெய்க் கையோடு ஏறி வந்து, மிதவை வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குதித்தார். வாத்தியாரின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி வளையத்தில் சாத்தினார். கயிறு போட்டு இழுத்தோம். மேலே வந்து வாத்தியார் வாந்தியெடுத்தார், அழுதார், கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைக் கேட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் கழற்றிய ஜாக்கெட்டைத் துறையில் ஒரு முளையில் கட்டித் தண்ணீரில் விட்டுவைத்தார் சாரங்கு. ஒரு மணி நேரத்தில் கயிறு நேர்கீழாக இறங்கியிருந்தது. தூக்கினார். தண்ணீர் வடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு காலரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். திரும்பி என் தலையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் கம்பெனி அறையில் விசாரணை. படகுகளுக்குச் சான்று கொடுக்கும் சர்வேயர் சென்னையிலிருந்து வந்திருந்தார். மென்மையாகப் பேசுகிற மனிதர். ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"நாற்பத்தாறு. இது உங்க ஒப்பம்தானே?"

"ஆமா சார்," என்றார் சாரங்கு.

"நம்பரை நீங்களே படிச்சுப் பார்த்தீங்களா? ரைட்டர் சொன்னதுக்குப் போட்டுட்டீங்களா?"

"நானே பார்த்தேன் சார்."

"இருபத்துநாலு மணி நேரம் மிதந்த ஜாக்கெட் பத்து நாள்ல இப்படி ஆகுமா?"

"ஆயிருக்கு சார்."

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "ரைட்டர், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை சார்."

அந்த ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பிறகு பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு நொடிகூட ஆகாது.

சாரங்கின் சர்ட்டிபிகேட்டை நிறுத்தி வைத்தார்கள். திரும்பக் கிடைக்கும் என்றார்கள், கிடைக்கவில்லை. கம்பெனி அவரைத் துறையில் கயிறு பிடிக்கவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் போட்டது. முனுசாமி என்னை இன்ஜின் பக்கம் கூப்பிட்டார்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன் முனுசாமி."

ஒரு வாரம் பார்த்துவிட்டு அவரே சாரங்கிடம் போயிருக்கிறார். "உனக்கு இன்னாத்துக்கு? இன்ஜினைப் பாரு" என்று அனுப்பிவிட்டாராம். அதற்குப் பிறகு முனுசாமி அந்த சீசனும் அடுத்த மழைக்காலமும் என்னோடு பேசவில்லை. சமையலை மட்டும் எடுத்து வைப்பார். என் உப்புமாவை வாய் திறக்காமல் சாப்பிட்டார். கேலி செய்தால் தேவலை என்று இருந்தது.

விசாரணை முடிந்ததும் பழைய ஜாக்கெட்டுகளை எல்லாம் கழித்துவிட்டுப் புதிதாக, பஞ்சில்லாத, ரப்பர் போன்ற பொருள் வைத்த ஜாக்கெட்டுகளை வாங்க உத்தரவாயிற்று. கழிக்கும் வேலை என்னுடையது. அழிப்பதற்கு முந்தின நாள், என் எட்டில் மீதி ஏழு ஜாக்கெட்டுகளையும் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு, துறைக்குப் பின்னால் இருந்த சிற்பப் பட்டறைக்குப் போனேன். கல்லுக்குத் தண்ணீர் தெளிக்க அங்கே ஒரு பெரிய சிமென்ட் தொட்டி உண்டு. தண்டவாளத் துண்டுகளைக் கட்டி விட்டேன்.

"இன்னா சார், ஊற வெக்கிற?" என்று உளியை நிறுத்திவிட்டு ஸ்தபதி கேட்டார்.

"தோய்க்கறதுக்கு."

"கல்லு கட்டித் தோய்க்கிறது படகுக்காரங்க வழக்கமா?"

மறுநாள் காலையில் போனேன். இரண்டு மிதந்தன. ஐந்து தொட்டியின் அடியில் கிடந்தன. காணும் பொங்கலன்று மேல்தளத்தில் அவற்றை யார் போட்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பாதிக்கு மேல் பிள்ளைகள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பட்டறை வாசலில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளைக் கத்தியால் கிழித்தேன். அந்த ஐந்தை முனுசாமியிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலங்களில் வேறொரு சாரங்கு வந்தார். நான் பலகையில் படுத்தேன். லூர்துசாமிக்கு மழை மாதங்களில் துறையில் வேலை இல்லை. ஆனாலும் காலையில் கோவளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, குடையோடு கரையில் நின்று கயிறுகளைப் பார்ப்பார். படகில் ஏற மாட்டார்.

"ரைட்டரே, பின்கயிறு இறுகிகினு கீது. ஒரு முழம் வுடு."

விடுவேன். தலையாட்டிவிட்டுப் போவார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னை ஒருமுறைகூட ஐயா என்று கூப்பிடவில்லை. கோபமே வரவில்லை என்றால் நான் கோபப்படத் தகுந்த ஆளாகக்கூட இல்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் பொய் சொன்னார் என்றும் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் சுமந்துகொண்டு ஓய்வு பெற்றேன்.

தமிழரசன் வந்து போனபின் இந்தக் கட்டுரையை ஒரு மாதிரி எழுதி முடித்து, போன வாரம் கோவளத்துக்கு எடுத்துப் போனேன். சாரங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. தடித்த கண்ணாடி போட்டிருந்தார்.

"படிச்சுக் காட்டட்டுமா?" என்றேன்.

"குடு. எனக்குப் படிக்கத் தெரியும்."

எழுத்துக்கூட்டி, உதடு அசைய, ஒரு மணி நேரம் படித்தார். உப்புமா வந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. சிமென்ட் தொட்டி வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"அஞ்சா?"

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்து, தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"உன்னோடதெல்லாம் எழுதிக்கீற. என்னோடது எங்க?"

"உங்களோடது என்ன இருக்கு?"

"என்னைக் காப்பாத்தறேன்னு பார்க்காத, ரைட்டரே. எனக்குக் கிட்டத்து எழுத்து கண்ணுக்குத் தெரியாதுன்னு அப்போ உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் எழுதாம விட்டுட்டேன்."

"விசாரணைல நான் உனக்காகப் பொய் சொன்னேன்னு நெனச்சிகினு இருந்தியா, இத்தினி வருசமா?"

தலையாட்டினேன்.

"உன்ன எதுக்கு நான் காப்பாத்தணும்? நானே பார்த்தேன்னு சொன்னா சர்ட்டிபிகேட்டு பூடும், அவ்ளோதான். பார்க்காம போட்டேன், பார்க்கக் கண்ணு தெரியாதுன்னு சொன்னா சாரங்குன்னு எவன் கூப்டுவான்? எனக்காகச் சொன்னேன். நான் ஒழுங்கா நம்பரைப் படிச்சிருந்தா அன்னிக்கே நீ மாட்டிகினு இருப்ப. ஒரு ஐயாவோட முடிஞ்சிருக்கும். எழுது அத்த."

"இப்போ எதுக்கு சாரங்கு அது?"

"அஞ்சுன்னு எழுதிக்கீறியே. அதுல பாதி யாருது?"

பேனாவை எடுத்தேன். வெள்ளெழுத்தைப் பற்றி நீங்கள் மேலே படித்த பத்தியை அங்கேயே, அவர் வாசல்படியில் உட்கார்ந்து எழுதினேன். அதில் என்னைப் பற்றி வரும் கடைசி வரிகளையும் அப்போதுதான் சேர்த்தேன். தாளை வாங்கி மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஓரிடத்தில் நகத்தால் தட்டினார்.

"மூணு வருசம்னு போட்டுக்கீற. நாலு."

திருத்திக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "ம், குடுத்துடு" என்றார்.